பதினோரு வீடு ஏறிய பச்சை ஹீட்டர்

எங்கள் படிக்கட்டுத் தெருவில் யார் வீட்டில் என்ன வேகிறது, யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேவு பார்க்கிறேன் என்பார்கள். ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, நான் என்ன செய்ய?

தெருவுக்குத் தெற்கே ஒரு காலி மனை. அதில் எட்டு மாடி எழுப்ப அதன் சொந்தக்காரர் அனுமதி கேட்டார். அன்றிலிருந்து எதிர்வீட்டு உம்மு நாயிஃபின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கணவர் ஷவ்கத் முப்பது வருஷம் கல் அறுத்தவர். நுரையீரல் முழுக்கத் தூசி. மண்ணெண்ணெய் ஹீட்டர் வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மான் நகரக் குளிரில் அவருக்கு மிச்சமிருக்கும் சூடு தெற்கு ஜன்னல் வெயில்தான். காலையில் நாற்காலியை மேற்கு மூலையில் போடுவார். வெயிலோடு கூடவே நகர்ந்து நகர்ந்து மூன்று மணிக்குக் கிழக்குச் சுவரில் முட்டி நிற்பார். எட்டு மாடி வந்தால் அந்த நாற்காலிக்கு வேலையில்லை.

மாநகராட்சி உடனே தலையாட்டிவிடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். எந்தத் தெரு குளிரை எதைக் கொண்டு சமாளிக்கிறது என்று முதலில் வரைபடம் போடுவார்களாம். வெயிலை நம்பி வாழும் வீடுகளுக்கு முன்னால் உயரம் கூடாது. அறைக்கு அறை ஹீட்டர் எரிக்கிறவர்கள் என்றால், மாடி எழும்பட்டும். மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, மண்ணெண்ணெய்க்கு ஏது? வீடு வீடாகக் கேட்டு எழுத ருதைனா என்ற இன்ஜினியர் பெண்ணை அனுப்பினார்கள்.

ஜனவரி மாதம். எந்த வீட்டிலும் ஒரே அறையில்தான் ஜீவனம். எல்லோரும் ஒரே போர்வைக்குள். வரவேற்பறை பூட்டியே கிடக்கும், ஐஸ் பெட்டி மாதிரி. ஆனால் வந்தவள் விருந்தாளி ஆயிற்றே! விருந்தாளியைக் குளிர்ந்த அறையில் உட்கார வைத்தால் அப்புறம் வெளியில் தலை காட்ட முடியுமா?

தெருவிலேயே நல்ல ஹீட்டர் பக்கத்து வீட்டு இன்ஸாஃபுடையது. பச்சை நிறம், ஒரு கால் உடைந்து செங்கல்லில் நிற்கும். ருதைனா முதல் வீட்டில் ஏலக்காய்க் காபியும் மர்யமிய்யா இலைத் தேநீரும் குடித்து வாசலில் செருப்பு மாட்டுவதற்குள், ஹீட்டர் செங்கல்லோடு பின்வழியாக அடுத்த வீட்டுக்குப் படியேறிவிட்டது.

"எத்தனை ஹீட்டர் வச்சிருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், மூணு. அறைக்கு ஒண்ணு. குளிர்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது!"

பதினோரு வீட்டிலும் இதே பாட்டு. என் வீட்டிலும்தான், மறைப்பானேன். நான் நாலு என்றேன். உம்மு நாயிஃப்? கணவரை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அதே ஹீட்டரைப் பற்றவைத்து, "ரெண்டு இருக்கு மகளே, ராத்திரி பகலா எரியும்" என்றாள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. "டிவி" என்றாளாம்.

மூன்று வாரம் கழித்துப் பெண்கள் சங்கக் கூடத்தில் ருதைனா வரைபடத்தை விரித்தாள். எங்கள் தெரு மாதுளை முத்து மாதிரி சிவந்திருந்தது.

"பணக்காரப் பேட்டையில கூட இவ்வளவு எண்ணெய் எரியல" என்றாள் மெதுவாக. "இதை இப்படியே கொடுத்தா, இங்க யாருக்கும் வெயில் தேவையில்லன்னு அர்த்தம். எட்டு மாடிக்குச் சம்மதம் கிடைச்சிடும்."

உம்மு நாயிஃப் கைப்பையின் வாரை முறுக்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். சரி, கெட்ட பேர் எனக்குப் புதுசா?

"மகளே, நீ வீடு வீடாப் பார்த்தது பதினோரு ஹீட்டர் இல்ல. இன்ஸாஃபோட ஒரே ஹீட்டர். அன்னிக்கு அது ஏறின அளவு படி நான் ஒரு வருஷம் பூரா ஏறினதில்ல."

"உன் நாக்கு அறுந்து விழ!" என்று எழுந்தாள் இன்ஸாஃப்.

"விழட்டும். அதுக்கு முன்னால செங்கல்லைப் பத்தியும் சொல்லிடறேன்."

ருதைனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தச் செங்கல் எனக்கும் பழக்கமாயிடுச்சு சித்தி. நாலாவது வீட்டுலயே சந்தேகம். ஆனா நீங்க சொல்லாததை நான் எப்படி எழுதறது?"

அந்தப் பெண் யாரையும் பொய்க்காரி என்று சொல்லவில்லை. "மறுபடி வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்காகவே அவளுக்கு என் ஆயுசில் பாதியைக் கொடுக்கலாம்.

"வா, ஆனா விருந்தாளியா வராதே" என்றேன். "சமையலறை வழியா வா. கோஸ் இலையில சோறு வச்சுச் சுருட்டற நேரமாப் பார்த்து."

அப்படியே வந்தாள். காபி கிடையாது. சாதம் அடைக்கச் சுரைக்காய் குடையும் கத்தியைக் கையில் கொடுத்தோம். போர்வைக்குள் உட்கார்ந்து குடைந்துகொண்டே கேட்டாள். நான் கூடவே போனேன், சும்மா துணைக்கு. யாராவது "ரெண்டு" என்றால் இருமுவேன். "ஒண்ணு" என்று இறங்கிவிடுவார்கள்.

உம்மு நாயிஃப் வீட்டில் இரும வேண்டி வரவில்லை. அவளே நேராகக் கணவரின் அறைக்குக் கூட்டிப் போனாள். ஷவ்கத் பாதி தூரம் நகர்ந்திருந்தார். நாற்காலிக் கால்கள் தரையில் தேய்த்த கோட்டை ருதைனா குனிந்து பார்த்தாள். அளவுநாடாவை எடுத்து, கோட்டை மூலைக்கு மூலை அளந்தாள்.

"ஹீட்டர்?"

"இல்லம்மா" என்றாள் உம்மு நாயிஃப். "ஒண்ணுகூட இல்ல."

புது வரைபடத்தில் எங்கள் தெரு தயிர் மாதிரி வெளுத்துப் போயிற்று. அவ்வளவு ஏழைகளா நாம் என்று இன்ஸாஃபுக்கு ஒரு வாரம் வருத்தம். மே மாதம் முடிவு வந்தது: அந்த மனையில் இரண்டு மாடிக்கு மேல் கூடாது, அதுவும் தெருவிலிருந்து தள்ளி.

அன்று சாயங்காலம் உம்மு நாயிஃப் ஒரு தட்டு மக்லூபா சோற்றோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உன் வாய்க்குப் பயந்து உன் பக்கத்து ஜன்னலுக்கு இருபது வருஷம் திரை போட்டு வச்சிருந்தேன்" என்றாள். "அந்த வாய் நல்லா இருக்கட்டும்."

இந்த வாய்க்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. எனக்கே என்னவோ போலாகி, உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் கட்டடம் இரண்டாவது மாடியோடு நின்றுவிட்டது. திரையையும் அவள் எடுத்துவிட்டாள். இப்போது மணி இரண்டரை. ஷவ்கத் ஜன்னலைத் தாண்டிவிட்டார், முழங்காலில் வெயில் கிடக்கிறது. அவளுடைய மக்லூபாத் தட்டு இத்தனை மாதமாக என்னிடமே இருக்கிறது; அதைக் காலியாகத் திருப்பக் கூடாது. கோஸ் இலை சுருட்டி அடுப்பில் வைத்திருக்கிறேன். மூன்று மணிக்கு, அவர் சுவரை எட்டியதும், கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.