இரண்டு குட்டைகள் உள்ள இடம்

வரைபடத்தை ஒரு நாளும் விரித்துப் பார்க்காத மனிதருக்கு 'மேப்பு' என்று பட்டப்பெயர். தேசியப் பூங்காவின் வாசலில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். மலைக்குப் பகல் பயணம் வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றி அழைத்துப் போவது அவர் வேலை. எங்கே போவது, எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே சாப்பிட்டு எப்போது திரும்புவது என்று தாளில் எழுதிக் கொடுப்பது அவர் மனைவியின் வேலை. பதினாறு வருடம் அப்படித்தான் ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், செருப்பைக் கழற்றுவதற்காகப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் முன்னறை பூட்டியே கிடந்தது. அதுதான் அவர்களுடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவரில் பூங்காவின் படம், அலமாரியில் வருடவாரியாகக் கட்டி வைத்த பயணத் தாள்களின் கார்பன் பிரதிகள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கொழுந்தன் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, வாரத்துக்கு இரண்டு முறை ஜீப்பை உயிர்ப்பித்து வாசலில் உறுமவிட்டு நிறுத்துவான்.  மறுபடி எப்போது கிளம்புவது என்று வண்டியே அவனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. போன வருடம் வந்துபோன அக்கா, தம்பி இருவரிடமிருந்து. தம்பி எழுதியிருந்தார். அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, ஒரு கண் போய்விட்டது, அடுத்ததும் எத்தனை நாளைக்கென்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. போன வருடம் இரண்டாம் நாள் நீங்கள் கூட்டிப்போய்க் காட்டிய இடத்தை, பார்வை இருக்கும்போதே இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்கிறாள். இரண்டு நாள் வருகிறோம்.

கடிதம் அவர் பெயருக்கு வந்திருந்தது. அவள் யோசிக்கக்கூட இல்லை, "வாருங்கள்" என்று பதில் போட்டுவிட்டாள். தேதி தெரியும், தாள் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடப் போகிறது.

"இந்த ஒரு பயணத்தை ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டா நானே நடத்தறேன்," என்றாள் கொழுந்தனிடம். "முடியலன்னா பூங்கா ஆபீஸ்ல அனுமதியத் திருப்பிக் குடுத்துடலாம். நீயும் உன் லாரிக்கே போயிடு."

"லாரி என்னை மறந்திருக்கும் அண்ணி," என்றான் அவன்.

அந்தத் தேதியின் தாள் கையில் கிடைத்தது. அவளுடைய கையெழுத்துதான். காலை எட்டரைக்குக் கிளம்புதல், பத்து மணிக்குள் மலைப்பாதையின் நடுத்தடுப்பைத் தாண்டிவிடுதல், மேல் அருவி, அங்கேயே சாப்பாடு, நாலு மணிக்குத் திரும்புதல். சரி, மேல் அருவி. நிம்மதியாகக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். 'பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குட்டைகள், ஒன்றில் வானம் தெரியும், மற்றதில் தெரியாது. வேறு ஒரு ஈ காக்கை இல்லை. பேசினால் பறவை போய்விடும் என்று சார் வாயில் விரலை வைத்துக் காட்டினார். அன்று முழுக்க அங்கேயே இருந்தோம்.'

மேல் அருவியில் குட்டை கிடையாது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் கத்தினால்கூடக் காதில் விழாது. அங்கே எந்தப் பறவைக்காக யார் வாயை மூடுவது?

சுவரிலிருந்த படத்தின் முன்னால் நின்றாள். மூன்று அருவி, ஒரு ஏரி, நான்கு காட்சிமுனை. இரட்டைக் குட்டை எங்கேயும் இல்லை. பூங்கா வாசலுக்குப் போய்ப் பதிவேட்டைக் காட்டச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். போகும் இடம்: மேல் அருவி. பதிவேட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதுல என்னம்மா குழப்பம்? எழுதித்தானே இருக்கு," என்றார்.

எழுதித்தான் இருந்தது. அதுதான் குழப்பமே. அன்று சாயங்காலம் அவர் வந்ததும் அருவி எப்படி என்று அவள் கேட்டிருப்பாள், தினமும் கேட்பதுதான். நன்றாக இருந்தது என்று அவரும் சொல்லியிருப்பார். போகாத அருவி நன்றாக இருந்ததா? அப்படியென்றால் மற்ற நாட்கள்? அலமாரி நிறைய அடுக்கியிருந்த தாள்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளே எழுதியவைதான், ஆனாலும் யாரோ கட்டிவிட்ட கதை மாதிரி இருந்தது.

சொன்ன தேதியில் அக்காவும் தம்பியும் வந்து இறங்கினார்கள். அக்காவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் நுண்ணோக்கியில் குனிந்தே வேலை பார்த்தவர், இப்போது எதையும் தலையைச் சாய்த்து நல்ல கண்ணைக் கொண்டுவந்துதான் பார்த்தார். தம்பி தோளில் மூன்று பை, கையில் ஒரு குடை.

"சார் எங்கம்மா?" என்றார் அக்கா.

அவள் சொன்னாள். சொல்லிச் சொல்லிப் பழகிய இரண்டு வாக்கியம். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. தம்பி பைகளைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"அப்ப வேண்டாம்மா. நாங்க சும்மா சுத்திப் பாத்துட்டுப் போறோம்."

"இல்லக்கா, போலாம். எந்தப் பக்கம் போனீங்கன்னு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க."

"இங்கேருந்து ரெண்டு மணி நேரம்," என்றார் தம்பி. "எடது பக்கம் திரும்பினோம்."

"அரை மணி நேரம் கூட ஆகல. திரும்பவே இல்ல, வண்டி நின்னுடுச்சு."

"நீ தூங்கிட்டே வந்தே."

"தூங்கினது யாரு? குறட்டை விட்டு அந்தச் சாரையே சிரிக்க வெச்சது யாரு?"

ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டது ஒரே விஷயத்தில்தான். இரண்டு குட்டை இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பினார்கள். தாளில் மேல் அருவி என்றே எழுதினாள், வேறு என்ன எழுதுவது? ஆனால் வழியில் எத்தனை கிளைப்பாதை உண்டோ அத்தனையிலும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். முதல் கிளையில் இறங்கி உள்ளே நடந்தால் மூங்கிலும் பழைய பாலமும். இரண்டாவது கிளையில் ஒரு குட்டை இருந்தது. ஒன்றே ஒன்று.

"இதுவாக்கா?"

"ஒண்ணுதானேம்மா இருக்கு."

"மழைக்கு ரெண்டா இருந்திருக்கும்," என்றான் கொழுந்தன்.

"நாங்க வந்தது வெயில் காலம்ப்பா," என்றார் அக்கா.

மூன்றாவதில் ஒரு குட்டையும் இல்லை, அட்டைப்பூச்சி மட்டும் தாராளமாக இருந்தது. தம்பி ஒரு காலைத் தூக்கிக் குதித்துக்கொண்டே ஜீப்புக்கு வந்தார். நான்காவது கிளையில் அவள் இறங்கவே இல்லை. மேலே மேகம் கட்டியிருக்கிறதா, கலைகிறதா என்று அவர் பார்ப்பாரே, அப்படிப் பார்க்க முயன்றாள். மேகம் மேகமாகத்தான் இருந்தது. அதில் அவர் எதைப் பார்த்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். பதினாறு வருடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நேரம் எழுதிக்கொண்டிருந்துவிட்டாள்.

"அண்ணி, மணி பத்தடிக்கப் போகுது," என்றான் கொழுந்தன்.

நடுத்தடுப்புக்கு அப்பால் பாதை ஒற்றை வண்டி அகலம்தான். பத்து மணி வரை மேலே விடுவார்கள். அதற்குப் பிறகு கீழே வரும் வண்டிகளுக்காகக் கட்டையை இறக்கிவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி பத்து நிமிடம் மட்டும் திறப்பார்கள், அதோடு அன்றைக்கு மேலே போவது முடிந்தது. பயணத் தாள் எழுதுகிறவளுக்கு இது மனப்பாடம். அவர்கள் வளைவைத் திரும்பியபோது கட்டை இறங்கி, கயிறு கட்டியாகிவிட்டது. மணி பத்து பத்து.

தடுப்புக்காவலர் குடையின் கீழ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் போய்க் கேட்டாள், கெஞ்சியும் பார்த்தாள்.

"கட்டையத் தூக்கினா மேல போற வண்டியும் கீழ வர்ற வண்டியும் மூஞ்சியோட மூஞ்சி நிக்கும். யாரும்மா பின்னாடி போறது? ரெண்டு மணி நேரம் இருங்க."

வண்டிக்குத் திரும்பவே அவளுக்குக் கால் வரவில்லை. கண் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனுஷியை இவ்வளவு தூரம் வரவழைத்து, தடுப்புக்கட்டையைக் காட்டப் போகிறாள். சாயங்காலமே பூங்கா ஆபீசுக்குப் போய் அனுமதியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

வண்டியில் அக்காவைக் காணவில்லை.

"கொட்டகைக்குப் பின்னால எறங்கிப் போனா," என்றார் தம்பி. "சொன்னா கேக்க மாட்டா."

காவல் கொட்டகையின் பின்பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது. இருபது அடிதான். அக்கா கீழே நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் சிமெண்டு விளிம்பு கட்டிய இரண்டு குட்டைகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்று வெட்டவெளியில், வானத்தை வாங்கிக்கொண்டு கிடந்தது. மற்றது மரத்தடியில் கறுத்துக் கிடந்தது.

"இதான்மா," என்றார் அக்கா. "கட்டையப் பாத்ததும்தான் ஞாபகம் வந்துது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே ஏறிக் காவலரிடம் போனாள்.

"கீழ இருக்கே, அது என்னங்க?"

"அதா? காட்டுல தீப்பிடிச்சா அணைக்கறதுக்குத் தண்ணி சேத்து வெக்கற குட்டை. ஏன்?"

"போன வருஷம் அவரு இவங்கள அங்க கூட்டிட்டுப் போனாரா?"

காவலர் அவளையும் ஜீப்பையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "நீங்க மேப்பு அண்ணன் வீட்டம்மாவா?" எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். "அன்னிக்கு அண்ணன் லேட்டு. இன்னிக்கு உங்கள மாதிரியே. கெஞ்சினாரு, நான் விடல. வந்தவங்க வண்டிக்குள்ள உம்முனு உக்காந்திருந்தாங்க. 'இங்க பாக்கறதுக்கு ஏதாவது இருக்காய்யா'ன்னாரு. 'என்னையப் பாருங்க, இல்லன்னா கீழ குட்டை இருக்கு'ன்னேன். அப்புறம் அவங்ககிட்டப் போயி, இது எல்லாருக்கும் காட்டற எடம் இல்லன்னு ஏதோ அளந்துட்டிருந்தாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல."

"பன்னெண்டுக்குத் திறந்தீங்கல்ல?"

"திறந்தேன். ஆள் வரல. நானே எறங்கிப் போய்க் கூப்பிட்டேன். வாயில விரல வெச்சு, போடான்னு கையக் காட்டினாரு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் போன பிறகு முதல் தடவையாகக் கோபம் வந்தது. தாமதமாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அருவி நன்றாக இருந்ததாமே. அந்தக் கோபம் எங்கே போய் விழுவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. திட்டுவதற்கு ஆள் வேண்டும். கூடவே சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது காவலர் கட்டையின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

கீழே போய் அக்காவின் பக்கத்தில், சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்தாள். இனி மறைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"அக்கா, இது வந்து... சும்மா தீயணைக்கறதுக்காகக் கட்டின குட்டையாம்."

"தெரியும்மா. மரத்துல பலகை அடிச்சிருக்கே, போன வருஷமே படிச்சேன். அப்ப தூரத்துலேருந்தே தெரிஞ்சுது."

"பின்ன ஏன்க்கா அத கடுதாசில எழுதல?"

அக்கா மேலே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எழுதினது அவன்தானே, அவனுக்கு இது தெரியாது. தெரிஞ்சா தண்ணித் தொட்டி பாக்கவா இவ்வளவு தூரம்னு கெளம்பவே மாட்டான். எனக்குத் தெரியும்னு உங்க சாருக்கும் தெரியும். பலகையப் படிச்சுட்டு அவரைப் பாத்தேன். அவரு வேற பக்கம் பாத்துக்கிட்டாரு."

"அப்புறம் பன்னெண்டுக்கு ஏன் மேல போகல?"

"அது எனக்கும் தெரியலம்மா. போலாமான்னு அவரும் கேக்கல, நாங்களும் கேக்கல."

வெளிச்சமான குட்டையின் விளிம்பில் ஏதோ ஒரு சிறிய பறவை வந்து உட்கார்ந்தது. அக்கா தலையைச் சாய்த்து, நல்ல கண்ணைத் தேடிக் கொண்டுவந்தார். "நீல நிறம்தானே?" என்றார். ஆமாம் என்றாள் அவள். என்ன பறவை என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குத் தெரியாது.

பன்னிரண்டுக்குக் கட்டை தூக்கும் சத்தம் கேட்டது. ஜீப் இரண்டு முறை ஹாரன் அடித்தது. தாளின் கணக்குப்படி, இப்போது கிளம்பினால்கூடப் பன்னிரண்டே முக்காலுக்குள் மேல் அருவி, ஒன்றரைக்குச் சாப்பாடு. எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். அவள் எழுந்தாள். அக்கா எழவில்லை, அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மட்டும் மேலே ஏறினாள். கொழுந்தன் வண்டியை உறுமவிட்டபடி தயாராக இருந்தான்.

"வண்டிய அணைச்சுடு. சாப்பாட்டக் கீழ எடுத்துட்டு வா."

"அருவி?"

"போகல."

"ஏன் அண்ணி, அவங்க வேண்டாம்னாங்களா?"

"கேக்கல."

அவன் அவளையும் திறந்த கட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினான். பின்சீட்டில் தூங்கிப்போயிருந்த தம்பி, வந்தாச்சா என்று கேட்டபடி எழுந்தார். வந்தாச்சு என்றான் கொழுந்தன்.

காவலர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் நாலு நிமிஷம்தான். அப்புறம் அழுதாலும் திறக்க மாட்டேன்."

"இறக்கிடுங்க."

அவர் கட்டையை இறக்கிக் கயிற்றைச் சுற்றினார். "நாளைக்கு உண்டா?"

"உண்டு. நாளைக்கு அருவிக்கு. ஒம்போதே முக்காலுக்கெல்லாம் இங்க வந்து நிப்பேன்."

"அண்ணனும் அப்படித்தான் சொல்வாரு," என்றார் காவலர்.