மூன்றாவது கருத்து

உடுவிலில் றெஜினா ரீச்சர் தன் வீட்டு விறாந்தை வகுப்பில் 'ஃபேட் அவே' என்ற இங்கிலீஷ் வினையைப் படிப்பித்த கிழமைதான் அவருடைய கணவர் நேசையாவின் நிறம் கழன்றது. தோல், தலைமயிர், கண்மணி எல்லாம் பலமுறை தோய்த்த சீலை மாதிரி வெளுத்துவிட்டன. அந்த வினைக்கு முதற்கருத்து நிறம் மங்குதல். அடுத்த கிழமை இரண்டாவது கருத்தை, ஓசை தேய்ந்து அடங்குதலை, கரும்பலகையில் எழுதினார். உள்ளே சோறு கேட்டுக்கொண்டிருந்த மனுசனின் குரல் தேய்ந்து தேய்ந்து இல்லாமற் போனது. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள், எல்லாம் அளவாம். "ஆளைத்தான் அம்மா, வடிவாய்க் காணேலாமல் கிடக்கு" என்றார் டொக்டர். ஊர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வருடம் வெங்காயமும் விலைப்படவில்லை.

தான் எழுதுவதுதான் அவருக்கு நடக்கிறதென்று றெஜினாவுக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது கருத்தும் ஒன்று உண்டு: ஆள் கொஞ்சம் கொஞ்சமாய் நலிந்து சாதல். ஐயோ, எந்தப் பெண்தான் அதை எழுதுவாள்! ஆனால் வகுப்பில் சாருஜா என்றொரு வாயாடிப் பெட்டை இருந்தாள். "ரீச்சர், மூண்டாவது கருத்துத்தான் சோதனைக்கு வருமாம்" என்று ஓயாமல் அரித்தாள். பிள்ளைகளின் சோதனையைப் பாழாக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் எழுதினார், ஆனால் கெட்டிக்காரத்தனமாக, உதாரண வசனத்தை நிகழ்காலத்தில் வைத்தார்: 'நேசையா இஸ் ஃபேடிங் அவே.' பலகையின் அந்த மூலையை அழிக்க எவரையும் விடவில்லை.

வசனம் சொன்னபடியே நடந்தது. நேசையா நலிந்துகொண்டே இருந்தார், நலிந்து முடியவில்லை. சாருஜா சோதனை பாஸ் பண்ணி, கம்பஸ் முடித்து, கலியாணமும் கட்டிவிட்டாள். நேசையாவின் எலும்பை நோவு தின்றது. வாய் பிளந்து கத்துவது தெரியும், சத்தம் வராது. அதைப் பார்த்துப் பார்த்து றெஜினாவின் நெஞ்சு வெந்தது. என்றாலும் ஆள் இருக்கிறார்தானே என்று கிடந்தார்.

ஒருநாள் நேசையா சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்பி வந்து, பலகையில் 'இஸ்' என்ற சொல்லின் கீழே நகத்தால் கோடு கீறினார். அவரும் பென்சன் எடுக்கும்வரை இங்கிலீஷ் படிப்பித்தவர்.

"உங்களுக்கென்ன விசரே? நான் தனிச்சுப் போவனப்பா!" என்று றெஜினா குழறினார். அவர் சோக்கை எடுத்து மனைவியின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

றெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு வசனத்தை இறந்தகாலத்துக்கு மாற்றினார். திரும்பிப் பார்த்தபோது நிலத்தில் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் மட்டும் கிடந்தது. பின்னேரம் வந்த பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள், ரீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள், வசனத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.