வலியைப் படம் பிடித்த பூரணி

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பூரணிக்கு மூன்று வருடமாக இடுப்பிலும் தோளிலும் ஒரு வலி. அதற்குப் பெயர் கிடையாது. இரத்தம் பார்த்தார்கள், எக்ஸ்ரே பிடித்தார்கள். எல்லாத் துண்டிலும் 'நோமல்' என்றே வந்தது. எந்த வியாதியும் இல்லையென்று எழுத்தில் அத்தாட்சி வைத்திருப்பவள் அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான்.

அவள் கேட்டதெல்லாம் ஒரு கடிதம். டொக்டர் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தால் சரிவான மலையை விட்டு, நாற்று மேடையில் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

"பேரே இல்லாத வருத்தத்துக்கு எப்படிம்மா கடிதம் எழுதுறது?" என்றார் டொக்டர் நிரஞ்சன், கிளினிக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல். தூக்கிய ஒரே தடவையும் வினையாகப் போயிற்று. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்கு அழுக்குச் சேலையில் போவதில்லை. பூரணியும் பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாண வீட்டுச் சேலையில் வந்திருந்தாள்.

"நல்லாத்தானே இருக்கீங்க!"

அன்றிலிருந்து, மகள் தனுஜாவின் பழைய போனில், வலிக்கும்போதே படம் பிடிக்கத் தொடங்கினாள். கை தூக்க முடியாமல் பாதியில் விட்ட சடை. நழுவிக் கவிழ்ந்த சோற்றுப் பானை. லயத்துக்கு ஏறும் பதினேழு படியில் நாலாவதோடு நின்றுபோன தண்ணீர்க் குடம்.

"ஒங்கம்மாவுக்கு படம் எடுக்கவே தெரியலடி," என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டு அழகம்மா, தனுஜாவிடம். "ஒண்ணுலயாச்சும் சிரிச்சாளா?"

கிளினிக்கில் படங்களைக் காட்டப் போனால் டொக்டரோ, "போன உள்ள வைங்கம்மா, வெளிய அறுபது பேர் நிக்கிறாங்க," என்றார்.

படங்கள் எப்படியோ தனுஜாவின் பள்ளிக்கூடத்துக் கணேசமூர்த்தி மாஸ்டர் கண்ணில் பட்டன. அவ்வளவுதான், அட்டன் டவுனில் மண்டபம் பிடித்து, 'வேதனையின் வெளிச்சம்' என்று கண்காட்சியே வைத்துவிட்டார். பிரதம விருந்தினர், அதே டொக்டர் நிரஞ்சன். குடத்துப் படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றார். மூன்று வருடத்தில் பூரணிக்குக் கிடைத்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. "என்னா வேதனை! என் முதுகே வலிக்குது!" என்று மைக்கில் கண்கலங்கினார். படத்தைக் கேட்டு வாங்கித் தன் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த கிளினிக்கில் பூரணி அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்தாள்.

"எங்க வலி?"

"ஒங்க சொவத்துலதான் மாட்டியிருக்கே, சேர்."

"ஆமா, அருமையான படம்," என்று சொல்லிக்கொண்டே, கொப்பியில் மறுபடி 'நோமல்' போடக் குனிந்தார்.

பூரணி போனை எடுத்து அவருக்கு நேரே பிடித்தாள். பேனா நின்றது. தலை நிமிர்ந்தது. கொலரை இழுத்துவிட்டு, முடியைத் தடவி, மேசையில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த கண்காட்சிக்கா? நோயாளிய கவனிச்சு எழுதுற மாதிரி எடுங்க."

"சும்மா கிறுக்குனா படத்துல தெரிஞ்சிரும் சேர். நெசமாவே எழுதுங்க."

"என்னத்த எழுத?"

பூரணி சொன்னாள். கடிதத் தாளொன்றை இழுத்து, போனைப் பார்த்துப் பாதிச் சிரிப்போடு அவர் எழுதினார்: 'காரணம் தெரியவில்லை. வலி உண்டு. உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கவும்.' படத்துக்கு எடுப்பாக இருக்குமென்று முத்திரையையும் அவரே குத்தினார்.

தோள் வலியில் கை ஆடி, படம் மங்கலாகத்தான் விழுந்தது. பூரணி அதை அவரிடம் காட்டவில்லை. கடிதத்தை ஊதி, மை உலர்ந்ததும் மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.