ஏரி வீட்டுச் சீர்

அதிகாரிகளுக்கு மனு எழுதி எழுதி மதிவதனிக்குக் கையெழுத்து திருந்தியதுதான் மிச்சம். நாலு மனுவுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. அவர்கள் பரிசீலித்து முடிப்பதற்குள் ஏரியில் ஜிலேபி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பித்துவிட்டன.

காரணம் பாரிஜாதம் அடுக்ககம். நூற்றிருபது வீடுகள். ஏரி தெரிகிற பால்கனி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள், தங்கள் கக்கூஸ் தண்ணீரை மழைநீர்க் கால்வாய் வழியாக அதே ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சுத்தம் செய்கிற எந்திரம் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஓட்டினால் கரண்டு பில் எகிறும். ஆகவே ஓட்டுவதில்லை.

வேலப்பன்சாவடியில் கல்லூரிக் கேன்டீனுக்குப் பின்னால் சுற்றுச்சூழல் மன்றம் கூடியது. மன்றம் என்றால் ஒன்பது பேர்.

"ஊர்வலம் போலாமா?" என்றாள் ஒருத்தி.

"போன வருசம் போனோமே! மோர் குடுத்து அனுப்பிட்டானுங்க," என்றான் சரண். "மோர் சூப்பரா இருந்துச்சு, அது வேற விசயம்."

மதிவதனி சமோசாவைக் கீழே வைத்தாள். "அந்த ஃபிளாட்காரங்க நம்ம ஏரிக்கு டெய்லி இவ்ளோ குடுத்துகினு கீறாங்க. வாங்கிக்கினு சும்மா இருந்தா மரியாதையா? நாமளும் சீர் எடுத்துகினு போவோம். தட்டுல வெச்சு, துணி போட்டு மூடி, மேளத்தோட."

சரண் மேசையிலேயே தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாரிஜாதத்தில் மாடிப்படி பெருக்குகிற கெங்கம்மாள் அவளுடைய அம்மா. அப்பாவை அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பி நாலு மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் துடைப்பத்தால்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிறு அம்மாவுக்கு விடுமுறை.

அன்று காலை அம்மா சீக்கிரமே எங்கோ கிளம்பிப் போயிருந்தாள். கடைக்குப் போயிருப்பாள் என்று மதிவதனி நினைத்துக்கொண்டாள். படித்த பிள்ளை நினைப்பதெல்லாம் சரியாக இருந்துவிடுமா என்ன?

பத்து மணிக்கு எட்டுத் தட்டுகள் கிளம்பின. ஒன்றில் செத்த மீன். ஒன்றில் கறுப்புத் தண்ணீர் நிரப்பிய ஊறுகாய் ஜாடி. ஒன்றில் கால்வாயில் பொறுக்கிய குழந்தை டயப்பர்கள், கோபுரமாக அடுக்கி. கடைசித் தட்டில் வேரோடு ஆகாயத்தாமரை. எல்லாவற்றின் மேலும் ஜரிகைத் துணி, மூலைக்கொரு ரோஜாப்பூ. பெண்கள் பட்டுப்பாவாடை, பையன்கள் வேட்டி. முன்னால் சரண் மேளத்தை வெளுத்து வாங்கிக்கொண்டு வந்தான். கேட்டில் மறிப்பார்கள், அங்கேயே துணியை விலக்கிக் கோஷம் போட வேண்டும் என்பதுதான் திட்டம்.

காவலாளி கேட்டை விரியத் திறந்து சல்யூட் அடித்தார். "பொண்ணு ஊட்டுக்காரங்களா? வாங்க, வாங்க! ஹால் நேராப் போங்க, வளைகாப்பு ஆரம்பிச்சிடுச்சு."

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் தடவினார்கள். யாரோ ஒரு அம்மாள் ஆரத்தி எடுத்து மதிவதனியின் நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். எட்டுத் தட்டுகளும் கலவைச் சோறு, கண்ணாடி வளையல் வரிசைக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தன.

"மச்சி, கேசரி குடுக்கறாங்க," என்று சரண் கிசுகிசுத்தான். "சாப்ட்டு ஓடிடலாமா?"

மதிவதனி அப்போதுதான் பார்த்தாள். ஹாலின் மூலையில் யூனிஃபார்ம் சேலையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தது அம்மா. விசேஷத்துக்குக் கூடுதல் ஆள் வேண்டுமென்று வரச் சொல்லியிருக்கிறார்கள். இருவர் கண்களும் சந்தித்தன. 'நீ ஊட்டுக்கு வாடி' என்றது அந்தப் பார்வை.

ஓடித்தான் போயிருப்பாள். அதற்குள் அடுக்ககச் சங்கச் செயலாளர் ரகுநாதன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து ஒரு துணியைத் தூக்கினார். மீன்.

"ஐயோ!" என்று ஹாலே பின்வாங்கியது.

"யார் நீங்க எல்லாம்?"

ஓட வழியில்லை என்று ஆனதும் மதிவதனிக்குப் பயமும் போய்விட்டது. "ஏரிகாரங்க சார். நீங்க அனுப்பினதுதான், திருப்பிக் கொண்டாந்திருக்கோம். மெஷின் இருந்தும் ஏன் சார் ஓட்டல?"

"மோட்டார் எரிஞ்சுபோச்சும்மா. ஆறு மாசமா பார்ட்ஸ் கிடைக்கலை. இதையெல்லாம் உன்கிட்ட சொல்லணுமா? போலீஸைக் கூப்பிடறேன். யார் வீட்டுப் பொண்ணு நீ?"

மதிவதனி அம்மா நின்ற மூலையைப் பார்க்காமலிருக்க மீன் தட்டையே முறைத்தாள்.

"எங்க ஊட்டுப் பொண்ணு சார்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

ரகுநாதன் திரும்பினார். "கெங்கம்மா! நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

அம்மா காபித் தட்டை நிதானமாக மேசைமேல் வைத்தாள். "வர்ல சார். ஆனா மோட்டாரு எரிஞ்சிடுச்சுன்னு சொல்றீங்களே, அது இன்னா கதை? ஆபீசருங்க பாக்க வர்றப்பல்லாம் நான்தானே போட்டு வுடுறேன்? போன மாசங்கூட ஜோரா ஓடிச்சே. அவங்க கார் அந்தாண்ட போனதும் நிறுத்துன்னு சொன்னது நீங்கதானே?"

எல்லாத் தலைகளும் ரகுநாதன் பக்கம் திரும்பின.

மணையில் உட்கார்ந்திருந்த தீபிகா மெல்ல எழுந்தாள். ஐ.டி. கம்பெனி வேலை, கோயம்புத்தூர்ப் பெண், ஏழு மாதம். முழங்கைவரை வளையல் குலுங்கியது. "அஞ்சு மாசமா வாந்தி எடுத்துட்டிருக்கேன் சார். பால்கனிக் கதவத் தொறந்தாலே கொடலப் பொரட்டுது. மசக்கைன்னு டாக்டரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டிருந்தேன். இதுதானுங்களா அந்த மசக்கை?"

"அம்மா, கமிட்டி மீட்டிங்ல பேசி..."

"எங்கூர்ல சீர்த்தட்ட வெறுந்தட்டாத் திருப்ப மாட்டோமுங்க. மெஷின் ரூம் சாவிய எடுத்துத் தட்டுல வைங்க."

"புள்ளத்தாச்சி ஆசப்பட்டுக் கேக்கறா," என்றாள் தீபிகாவின் அம்மா. "இல்லைன்னு சொல்லாதீங்க. குடுத்துப்போடுங்க!"

கூட்டத்தில் இன்னும் நாலு பெண்கள் "குடுங்க சார்" என்றார்கள். கர்ப்பிணி கேட்டதை இல்லை என்று சொல்கிற துணிச்சல் எந்தச் சங்கச் செயலாளருக்கும் கிடையாது. ரகுநாதன் சாவியை எடுத்து ஆகாயத்தாமரைக்கு நடுவே வைத்தார்.

பாதி வளைகாப்பு அடித்தளத்துக்கு இறங்கியது. கெங்கம்மாள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒரு வால்வைத் திருகி, இரண்டு பொத்தான்களை அழுத்தினாள். எந்திரம் இருமி, முனகி, உறுமி எழுந்தது. மேளத்தோடு இறங்கியிருந்த சரணால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாத்துக்கோங்க சார்," என்றாள் அம்மா. "நாளைலருந்து நான் வர்ல. நீங்கதான் போடணும். மொதல்ல வால்வு, அப்பால பச்ச பட்டன், அப்பால செவப்பு. மாத்திக் கீத்திப் போட்டீங்கன்னா எல்லாம் மேல ஏறிக்கும். மூணாவது மாடி வரைக்கும்."

ரகுநாதனின் வீடு இரண்டாவது மாடியில். அவர் எந்திரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"காலையில எத்தனை மணிக்கு வருவே?"

"ஏழு மணிக்கு. ஆனா டெய்லி ஓடணும். ஆபீசருக்கு மட்டும்னா நம்மால ஆவாது."

திரும்பி வரும்போது தெருமுனை தாண்டியதும் மதிவதனி கேட்டாள். "ம்மா, மாத்திப் போட்டா நெசமாவே மேல ஏறுமா?"

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் இன்னா இன்ஜினியரா? மாத்திப் போட்டுப் பாத்ததில்ல." அம்மா நின்று, எட்டுத் தட்டையும் ஒன்பது பேர் பட்டாளத்தையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அது கெடக்கட்டும். மீன் நாறுது. இதையெல்லாம் தேச்சுக் கழுவாம ஒருத்தரும் எங்க ஊட்டு வாசப்படி ஏறக் கூடாது. நைனா, மேளத்தக் கீழ வெச்சிட்டு நீயும் வா."