மாமன் பட்டும் திறக்காத டிக்கியும்

அருப்புக்கோட்டை பஜாரில் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் காசிராஜனுக்கு, தன் அம்பாசிடரின் டிக்கி ஒருநாள் திறக்காமல் போகும் என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை. அந்தக் காலத்துக் கறுப்பு வண்டி அது. ஹாரன் முதல் சீட்டுத் தோல் வரை எல்லாவற்றையும் பழையபடியே பாதுகாத்து வந்தார். டிக்கிப் பூட்டில் துரு ஏறி இறுக்கமாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னபோதுகூட, "வண்டியோட பொறந்த பூட்டுய்யா அது. அதைக் கழட்டிட்டா வண்டிக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்.

பந்தல்குடியில் தங்கை முத்துலட்சுமியின் மகள் சுகப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் கொண்டுவரும் பட்டைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வரவேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். பட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாள் மனைவி செல்வலட்சுமி.

"மடியில வச்சா கசங்கிரும். டிக்கியை விடப் பத்திரமான எடம் எது?"

செல்வலட்சுமி பையை டிக்கியில் வைத்தாள். அவரே மூடினார்.

மண்டபத்து வாசலில் கார் நின்றதும் நாதஸ்வரம் தொடங்கியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்து நின்றார்கள். காசிராஜன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று நிதானமாகப் பின்பக்கம் நடந்துபோய்ச் சாவியைப் போட்டுத் திருப்பினார். பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சாவியின் தலை மட்டும் கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நாதஸ்வரம் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, விஷயம் புரிந்து ஓய்ந்தது.

"ஸ்குரூ டிரைவர் எங்க மச்சான்?" என்று ஓடிவந்தார் முத்துலட்சுமியின் புருஷன் காளிராஜ்.

"டிக்கிக்குள்ள."

"ஸ்பேனரு?"

"அதுவும் அங்கனதான்."

"அண்ணாச்சி கடைப் பூட்டுத்தான் எங்க வீட்டு வாசல்லயும் தொங்குது" என்றார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், நிஜமான கவலையோடு. யாரோ பந்தல்காரர்களிடமிருந்து கடப்பாரை வாங்கி வந்தார்கள். காசிராஜன் இரண்டு கையையும் விரித்து டிக்கியின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது! நான் பூட்டு யாவாரி. எனக்குத் தெரியாதா?"

கொண்டை ஊசியை நுழைத்தார். தேங்காய் எண்ணெய் விட்டார். உள்ளங்கையால் தட்டினார். கடைசியில் கெஞ்சக்கூடச் செய்தார். முத்துலட்சுமி கண்ணீரோடு வெளியே வந்தாள்.

"அண்ணே, புள்ள கட்டுன சேலையோட உக்காந்திருக்கா. நேரம் போகுது. ஒனக்கு அவ பெருசா, இந்தத் தகரம் பெருசா?"

சட்டென்று சொல்லிவிட வேண்டிய பதில்தான். காசிராஜன் கடப்பாரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அப்புறம்தான் வாயைத் திறந்தார். அந்த இடைவெளியை அங்கே கவனிக்காதவர்கள் யாருமில்லை.

அதற்குள் செல்வலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்கதவைத் திறந்து உள்ளே ஏறியிருந்தாள். சீட்டின் சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை உதைத்து மறுபடி இழுத்தாள். தோல் கிழியும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"ஏய், சீட்டு ஒரிஜினல்டி!"

அவள் காதில் வாங்கவில்லை. சாய்மானத்துக்குப் பின்னால் இருந்த அட்டையையும் பிய்த்துக் கையைவிட்டுப் பையை எடுத்தாள். தலையெல்லாம் சீட்டுக்குள் திணித்திருந்த தேங்காய் நாரும் தூசியுமாக இறங்கி, நேரே மண்டபத்துக்குள் நடந்தாள். கூட்டம் பின்னாலேயே போனது. நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது, இந்த முறை அவளுக்காக.

கடப்பாரைக்காரர் மட்டும் போகாமல் நின்றார். அவரை நம்பி வண்டியை விட்டுப் போக காசிராஜனுக்கு மனம் வரவில்லை. கிழிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பின்கதவு வழியாக நேரம் போவது தெரியாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் கேட்டது.

ஓடினார். தாலி ஏறிவிட்டது. அவர் கொண்டுவந்த பச்சைப் பட்டில் சுகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில், தலையில் நாரோடு செல்வலட்சுமி நின்றிருந்தாள். கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போட்டோக்காரர் ஆள் தேடி வந்தார். "தாய்மாமன் சீர் குடுக்குற படம் இல்லையே. வாங்க சார், இப்ப எடுத்துருவோம்."

பட்டு பெண்ணின் மேல் இருந்தது. தட்டில் வைக்க ஒன்றுமில்லை. காளிராஜ் தன் தோள் துண்டை மடித்து வைத்து, மேலே நாலு பூவைத் தூவினார்.

"சிரிங்க சார்."

காசிராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை வாங்கிக்கொண்ட சுகப்பிரியா குனிந்து, "கலரு எடுப்பா இருக்கு மாமா" என்றாள். அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற செல்வலட்சுமியும் சிரித்தாள், அவரைப் பார்க்காமல்.

டிக்கிப் பூட்டை மறுநாள் மெக்கானிக் துளைபோட்டுக் கழற்றினார். ஆல்பத்தில் அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். மாமன் பட்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு மாமன் பட்டு கொடுக்கிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவர் முகத்தில் என்ன சந்தோஷம் என்கிறார்கள்.