ஐந்தாவது கூண்டு

பௌர்ணமி வரும் வாரத்தில் கஸ்தூரி வீட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. வந்தாலும் உட்கார இடம் இருக்காது. ஹாலில் கால் ஒடிந்த நாய்கள் மூன்று, மாடிப்படிக்கு அடியில் கண் தெரியாத பூனை ஒன்று, குளியலறையில் சொறி பிடித்த குட்டிகள், மொட்டைமாடியில் பதினொன்று. வேங்கிக்காலில் 'நாய்க்காரம்மா வீடு' என்றால் போதும், கூரியர்காரன் கதவு எண்ணைக்கூடப் பார்க்க மாட்டான். கிரிவலத்துக்கு ஊரே திரண்டு வருகிற நாட்களில் வண்டிச் சக்கரத்தில் சிக்கியதும், அன்னதானப் பிளாஸ்டிக் தட்டை விழுங்கி வயிறு உப்பியதும் வரிசையாக அவள் வீட்டுக்குத்தான் வரும்.

கஸ்தூரி நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முடியும்போது சொல்ல எனக்கு மனசு வராது. ஆறு வருஷமாக ஒரு தீபாவளிக்குக்கூட அவள் அம்மா வீட்டுக்குப் போனதில்லை. புழு வைத்த புண்ணை வெறுங்கையால் கழுவுவாள். ஆனால் நாலு பேர் 'நல்லவள்' என்று சொல்லக் கேட்பதில் அவளுக்கு ருசி விழுந்துவிட்டது. தினம் ஒரு வீடியோ போடுவாள். 'நீங்க தெய்வம்க்கா' என்று யாராவது எழுதியிருப்பார்கள். அதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை கால்நடை டாக்டர் செழியன் தெருநாய்களுக்குக் கருத்தடை முகாம் வைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு முகாம்தான். கஸ்தூரிக்கு ஐந்து கூண்டு ஒதுக்கியிருந்தார்கள். 'நாளைக்கு நம்ம பொண்ணுங்க அஞ்சு பேருக்கு ஆபரேஷன்' என்று ஞாயிற்றுக்கிழமையே அவள் வீடியோவில் சொல்லியாகிவிட்டது. விடிந்து பார்த்தால் நான்குதான் கிடைத்தன. ஐந்தாவதாகக் குறித்து வைத்திருந்த கறுப்பி சுவரேறிக் குதித்து ஓடிவிட்டது. கூண்டு காலியாகப் போனால் கீழ்பென்னாத்தூர் ரேணுகாம்பாள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். அவளும் இதே சேவையைத்தான் செய்கிறாள். கஸ்தூரிக்கு அதுதான் ஆகவில்லை.

"அடி அண்ணாமலைக்கு வுடுங்க," என்றாள் புருஷனிடம். மணிவேல் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பத்து மணிக்குக் கடை திறக்கும்வரை அவர் இவளுக்கு டிரைவர். ஆம்னி வேனைத் திருப்பினார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில் ஆராயியின் இட்லிக் கடை. ஆராயி கஸ்தூரியைவிடப் பத்து வயது மூத்தவள், குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். அவள் போடும் மிச்சம் மீதியில் வளர்ந்த செவலை நாய் கடையோரம் படுத்திருந்தது. நாலு பிஸ்கட் போட்டதும் வாலாட்டிக்கொண்டு வந்தது. கழுத்தில் கயிறு விழுந்தது, கூண்டுக்குள் போனது, கதவு சாத்தியது எல்லாம் ஒரு நிமிஷத்து வேலை.

ஆராயி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"யம்மா! அத புடிக்காத! குட்டி போட்டிருக்குது, எங்கியோ மறைச்சி வெச்சிருக்குது!"

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து நாயும் குரைத்தன. ஆனாலும் கஸ்தூரிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. நாயைப் பிடிக்கப் போகிற இடமெல்லாம் இப்படித்தான் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சினையா இருக்குது, குட்டி இருக்குது, பைரவரை அறுக்கக் கூடாது. பத்துக்கு எட்டு பொய்யாக இருக்கும். இது மீதி இரண்டில் ஒன்றா என்று தெரிந்துகொள்ள, குனிந்து மடியைப் பார்த்தால் போதும். ஆறு வருஷ அனுபவக்காரி, ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவோம் என்று பயந்துதான் அவள் குனியவில்லை.

"அந்தம்மா ஏதோ சொல்லுது," என்றார் மணிவேல்.

"சொல்லும். நேரமாவுது, வண்டிய எடுங்க."

சாயங்காலம் ஐந்து நாய்களும் தையலோடு கஸ்தூரி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. தையல் காயும்வரை நாலைந்து நாள் அங்கேதான் இருக்க வேண்டும். அன்றைய வீடியோவுக்கு லைக் ஆயிரத்தைத் தாண்டியது.

செவ்வாய்க்கிழமை காலையில் செவலையின் கூண்டில் விரித்த துணி நனைந்திருந்தது. கஸ்தூரி மூத்திரம் என்று நினைத்துத்தான் கையை வைத்தாள். பிசுபிசுத்தது. பால். மடி கல்லாக இறுகிக் கிடந்தது.  உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"என்ன மேடம், நீங்க பாத்துதான் கொண்டாந்திருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார் செழியன். நாற்பது நாய்க்கு நடுவில் அவருடைய உதவியாளர்கள் கவனிக்கவில்லை. "தையலோட தெருவுல விட முடியாது. குட்டிங்கள எடுத்தாந்து தாய்கிட்ட விடுங்க. ஆபரேஷன் ஆனாலும் பால் குடுக்கும். சீக்கிரம் மேடம், கண்ணு தொறக்காத குட்டின்னா பசி தாங்காது."

சீக்கிரம் என்றார். கஸ்தூரி ஸ்கூட்டியை எடுத்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் தட்டு விழுங்கிய கன்றுக்குட்டி, டிரான்ஸ்பார்மரில் அடிபட்ட குரங்கு என்று போன் மேல் போன். அது நிஜம்தான். ஒவ்வொரு போன் வரும்போதும் உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்ததும் நிஜம்தான்.

ஆராயியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். கஸ்தூரி அவள் கடை வழியே போகவில்லை. பின்பக்கமாக, நின்றிருந்த பஸ்ஸின் மறைவில் வண்டியை விட்டுவிட்டு, புதர், சாக்கடை ஓரம், இடிந்த சுவர் என்று திருடியைப் போலத் தேடினாள். வழியில் பார்த்தவர்களிடம் கொலுசு தொலைந்துவிட்டது என்றாள். ஒரு மணி நேரம் தேடியும் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

திரும்பும்போது அந்த நாலு தெருக் குரல் மட்டும் கேட்டது.

"யம்மா! நாய்க்காரம்மா! இந்தாண்ட வா, ஒரு சங்கதி!"

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்பாள், யாராவது வீடியோ எடுப்பான். காது கேளாதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

புதன்கிழமை மணிவேல் மெதுவாகச் சொன்னார். "அந்தம்மாவையே கேட்டுடலாமே."

"எல்லாம் எனக்குத் தெரியும். உங்க வேலைய பாருங்க," என்று அவர்மேல் விழுந்தாள். அன்று முழுக்கக் கன்றுக்குட்டியோடு கிடந்தாள். வேறு நாளாக இருந்தால் அந்தக் கன்றைப் பற்றியே மூன்று வீடியோ போட்டிருப்பாள். போனைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. வழக்கமான 'தெய்வம்க்கா' வந்திருந்தது. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை, பௌர்ணமி. காலையில் செவலைக்குச் சோறு வைக்கக் கூண்டைத் திறந்தாள். முந்தின நாள் மூத்திரத்துக்கு வெளியே விட்டபோது வாசலில் கிடந்த மணிவேலின் ரப்பர் செருப்பை இழுத்துப் போட்டுக்கொண்டதோ என்னவோ, வயிற்றோடு அணைத்து வைத்திருந்தது. நக்கி நக்கி செருப்பு முழுக்க ஈரம். கஸ்தூரி கையை நீட்டியதும் உறுமவில்லை. செருப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

கஸ்தூரி தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆறு வருஷத்தில் எத்தனையோ நாய்க்காக அழுதிருக்கிறாள், அதெல்லாம் பரிதாபத்தில் அழுதது. இப்போது தன்னை நினைக்கவே கூசியது. முகத்தைக் கழுவினாள். புருஷனிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஆராயி இரண்டு இட்லிப் பானையோடு போராடிக்கொண்டிருந்தாள். கஸ்தூரியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. திட்டு வாங்கத் தயாராக வந்தவள் அந்தச் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை.

"வந்துட்டியா! உன் நம்பரு இல்லாம தவிச்சிப் பூட்டன்." மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். பழைய சேலைத் துணிக்குள் செவலை நிறத்தில் இரண்டு குட்டிகள், உள்ளங்கை அளவு, கண் திறக்காதவை.

"அதோ அந்தச் சின்னப் பாலத்துக்குள்ள வெச்சிருந்துச்சி. திங்கக்கெழம முச்சூடும் தேடனன். மறுநாள் காலைலதான் கிடச்சிது. அஞ்சுல ரெண்டு அப்பவே போயிடுச்சி. மூணுக்கு ஆட்டுப்பால பஞ்சுல நனைச்சி நனைச்சி வுட்டன். நேத்து மத்தியானம் ஒண்ணு பூட்ச்சி. இதுங்கள விட அதான் நல்லா குடிச்சினு இருந்துச்சி."

நேற்று மத்தியானம். கஸ்தூரி மனசுக்குள் கணக்குப் போட்டாள், வேண்டாம் என்றாலும் மனசு போட்டது. செவ்வாய்க்கிழமை அந்தக் குரலுக்குத் திரும்பியிருந்தால் மூன்றும் சாயங்காலமே தாய் மடியில் இருந்திருக்கும்.

ஆராயி இட்லியைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கே அந்தக் கத்து கத்தனன். வண்டி சத்தத்துல உனுக்குக் கேக்கல. செவ்வாக்கெழமயும் நீ அந்தாண்ட போறத பாத்து கூப்ட்டன், அப்பவும் கேக்கல. எந்நேரமும் நாய்ங்க கொலைக்கற வூட்ல இருக்கறவ, காது மந்தமாத்தான் ஆவும். ரெண்டு பூண்ட தட்டிப் போட்டு, நல்லெண்ண காச்சி, வெதுவெதுன்னு வுட்டுக்கமா. செரியாப் போயிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கஸ்தூரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நல்லவளாகவே வீடு திரும்பலாம். வாய் அதைச் சொல்லத் திறந்தும் விட்டது. பெட்டிக்குள் ஒரு குட்டி, துணியை விலக்கிய அவள் விரலைப் பிடித்து முலையென்று நினைத்துச் சப்ப ஆரம்பித்தது.

"என் காதுல ஒண்ணும் கொறை இல்லீங்க," என்றாள். "கேட்டுச்சிங்க. ரெண்டு தடவையும்."

ஆராயிக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. "இன்னா?"

"குட்டி இருக்குதுன்னு நீங்க சொன்னது நல்லாவே கேட்டுச்சி. கூண்டு ஒண்ணு காலியா இருந்துச்சி, அதனால எடுத்துட்டுப் போனேன்."

"செவ்வாக்கெழம?"

"அன்னிக்கும் கேட்டுச்சிங்க. உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சி, அதான் போயிட்டேன்."

இட்லிக்கு நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆராயி கரண்டியைக் கீழே வைத்தாள். கஸ்தூரியை மேலும் கீழும் பார்த்தாள், இதுவரை பார்த்திராத ஆளைப் பார்ப்பது போல. திட்டுவாள் என்று கஸ்தூரி காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. நாலு தெருவுக்குக் கேட்கும் அந்தக் குரல் பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கிவிட்டது.

"உன் வெக்கத்துக்கு ஒரு குட்டி செத்துச்சா?"

கஸ்தூரி குட்டியின் வாயிலிருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டாள்.

ஆராயி சேலைத் துணியின் ஓரத்தைக் குட்டிகள்மேல் இழுத்து மூடினாள். பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துனு போ, பசியில இருக்குதுங்க. தையல் ஆறனதும் செவலையையும் குட்டிங்களையும் உன் வூட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பு," என்றாள். பிறகு பானைப் பக்கம் திரும்பி மூடியைத் திறந்தாள். "நீ வராத."