முப்பத்தைந்து எம்.எம்.

பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் போட்டோ குழு மாதம் ஒருமுறை கூடும். ஆளுக்கு ஒரு படம், அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கதை. கதை முடிந்ததும் தலைவர் ஜினோ சார் அசல் ஃபைலைத் திறந்து லென்ஸ், ஸ்பீடு எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பார். நான் மட்டும் எப்போதும் வாட்ஸப் நகலைக் கொடுத்து நழுவிவிடுவேன். அதில் அந்த விவரமெல்லாம் இருக்காது.

அந்த ஞாயிறு விருமாண்டி வந்திருந்தான். போன தையில் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஜல்லிக்கட்டு மாடு குத்திச் செத்த அழகுபாண்டியின் அண்ணன். வருசத் திதிக்கு, நான் எடுத்த தம்பியின் கடைசிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரக் கேட்டான். பெரிய பிரிண்டுக்கு அசல் வேண்டும். பென் டிரைவில் அசலைக் கொண்டுவந்த நான், புத்தி எங்கே மேயப் போனதோ, அதையே ஜினோ சாரிடம் நீட்டிவிட்டேன்.

திரை முழுக்க அழகுபாண்டி. அடிவயிற்றில் கொம்பு, வாய் நிறைய மண், தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே கேமராவை நோக்கி நீளும் வலது கை.

"அண்ணே, எங்க நின்னு எடுத்தீக?" என்றான் விருமாண்டி.

"எழவு வீட்டுலயே சொன்னேன்ல மாப்ள? கேலரி உச்சியில. கிட்டக்க ஒரு ஆளு இல்ல. நான் எறங்கி வாரதுக்குள்ள முடிஞ்சுருச்சு."

சொல்லிச் சொல்லி நானே நம்பத் தொடங்கியிருந்த கதை. வெட்கங்கெட்டவன், இதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ஜினோ சார் வழக்கம்போல் வாசித்தார். "லென்ஸ், முப்பத்தஞ்சு எம்.எம்." அத்தோடு நிறுத்திவிட்டார்.

விருமாண்டியைத் தவிர அறையிலிருந்த பன்னிரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. கேலரி உச்சியிலிருந்து அந்த லென்ஸில் எடுத்தால் ஆள் எறும்பளவுதான் விழுவான். இப்படித் திரை நிறைய விழ வேண்டுமென்றால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"முப்பத்தஞ்சுன்னா எம்புட்டு தூரம் சார்?" என்றான் விருமாண்டி.

ஜினோ சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்ல சார், தம்பி கூடப் போன மலையாண்டி ஒண்ணு சொன்னான். 'நான் மாட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன், கிட்ட நின்ன போட்டோக்காரரு கையப் புடிச்சு இழுக்கலண்ணே'ன்னான். பக்கத்துல ஆளே இல்லைன்னு இந்த அண்ணே சொன்னாரே! விட்டுட்டு ஓடிட்டு பொய் சொல்றான்னு, அவன் கையை ஒலக்கையால அடிச்சு ஒடிச்சேன். இன்னும் சோத்தப் பெசைய முடியல அவனுக்கு."

என்னிடம் இன்னொரு பொய்யும் கைவசம் இருந்தது. ஆனால் கை தானாக நீண்டு விருமாண்டியின் மார்பைத் தொட்டது.

"இம்புட்டு தூரம். இழுத்திருந்தா கம்பிக்கு இந்தப் பக்கம் வந்திருப்பான். நான் கேமராவ விடல. ஒரே அமுக்குல ஒம்பது படம்."

மூலையில் சாய்த்திருந்த என் ட்ரைபாடாலேயே விருமாண்டி அடித்தான். முதல் அடியில் மூக்கு உடைந்தது. அடுத்தது விலாவில் இறங்க, குப்புற விழுந்தேன். நீட்டிய அந்தக் கையைச் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான். விரல்கள் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு கையை ஜினோ சாரை நோக்கி நீட்டினேன். மூன்றடி தூரம்தான். அவர் நகரவில்லை. அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை?

விருமாண்டி ட்ரைபாடை வீசிவிட்டு ஓவென்று அழுதான். பிறகு செல்லை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் வாயருகே வைத்தான்.

"படத்துக்குப் பின்னால உள்ள கதையச் சொல்லுவீகளாம்ல? அவன்கிட்டச் சொல்லுடா."

"யாரு?" என்றது மலையாண்டியின் குரல்.

இரத்தத்தைத் துப்பித் துப்பி, கொம்பு இறங்கியதிலிருந்து ஒன்பதாவது படம் வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

"விருமாண்டியண்ணே," என்றான் மலையாண்டி கடைசியில். "நான் அப்பவே சொன்னேன்ல."